கைபேசியைத் தொடாமல் பார்த்தவை, தொட்டுக்கொண்டே பார்த்தவை

பின்வரிசை

நான் விமர்சகன் இல்லை. வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்ததும் எதையாவது ஓடவிட்டுப் பார்ப்பவன், அவ்வளவுதான். ஒளிப்பதிவு, திரைக்கதை அமைப்பு என்றெல்லாம் பேசத் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல்: பார்த்து முடிப்பதற்குள் எத்தனை முறை கைபேசியைக் கையில் எடுத்தேன்? அதை வைத்து, சமீபத்தில் பார்த்தவை பற்றி மனதில் பட்டதை எழுதுகிறேன். எதுவும் புதுசு இல்லை. ஊரே பார்த்து ஓய்ந்த பிறகுதான் நான் போய் நிற்பேன். முடிவுகளையும் உளறிவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஃப்ரீ சோலோ (2018). ஒரு முறைகூட எடுக்கவில்லை. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹொனால்ட் எல் கேப்பிட்டன் பாறைச்சுவரில் கயிறே இல்லாமல் ஏறியது. ஏறத்தாழ 3,000 அடி, நான்கு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும், படம் எடுத்து வெளியிட்டு விருதும் வாங்கிவிட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. கீழே புல்வெளியில் கேமராவோடு நிற்கும் ஒருவர், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாரே, அவர்தான் என் கட்சி.

சர்ச்சிங் ஃபார் சுகர் மேன் (2012). பூஜ்யம். 1970இலும் 71இலும் இரண்டு இசைத்தட்டு வெளியிட்டுவிட்டு அமெரிக்காவில் காணாமல் போன பாடகர் ரோட்ரிக்ஸ். தென்னாப்பிரிக்காவில் அவர் பாட்டை வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். மேடையிலேயே செத்துப்போனார் என்று வதந்தி வேறு. தேடிப்போனால் மனிதர் டெட்ராய்டில் கட்டட வேலை செய்துகொண்டிருக்கிறார். 1998இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் மேடையேறும் இடத்தில் அழுதேன், மறைக்கவில்லை.

செர்னோபில் (2019). 1986இல் சோவியத் அணு உலை வெடித்த கதை, தொடராக. ஐந்து பாகம், இரண்டு இரவு. இரண்டு முறை எடுத்தேன், இரண்டும் "இது நிஜமா?" என்று தேடுவதற்காக. அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

டார்க். காலப்பயணம் பற்றிய ஜெர்மன் தொடர். முதல் சீசன் பார்க்கும்போது மனதில் குடும்ப வரைபடம் இருந்தது. இரண்டாவதில் காகிதத்தில் வரைந்தேன். மூன்றாவதில் காகிதத்தையே தொலைத்துவிட்டேன். 26 பாகமும் பார்த்தேன், என்ன புரிந்தது என்று கேட்காதீர்கள்.

சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997). ஈரானியப் படம். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் கதை. பிடித்தது. மூன்று நான்கு முறை கைபேசி எடுத்திருப்பேன், நடுவில் கொஞ்சம் மெதுவாகப் போகிறது. ஆனால் முடிவு? மூன்றாம் பரிசுதான் ஷூ என்பதால் மூன்றாவதாக வர நினைத்து ஓடுகிறான் பையன், தவறிப்போய் முதலாவதாக வந்து தொலைக்கிறான். அப்படியே விட்டுவிட்டார்கள். இவ்வளவு ஓடவிட்டும் குழந்தைக்கு ஒரு ஷூ வாங்கித்தர டைரக்டருக்கு மனசு வரவில்லை.

12 ஆங்ரி மென் (1957). இதற்குத் திட்டுவீர்கள். இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஓர் அறை, பன்னிரண்டு ஆண்கள், பேச்சு. டிவி நாடகம் மாதிரி இருந்தது.

இயற்கை ஆவணப்படங்கள். தூங்குவதற்கு இதைவிட நல்லது கிடையாது.

மூன்றாம் மணி

கடைசி வரியைத் தவிர மற்றதை மன்னிக்கிறேன்.

நள்ளிரவு ரிமோட்

நல்ல பட்டியல். ஆனால் சுகர் மேன் பார்த்து அழுதவரிடம் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், நானும் அழுதவன் என்ற உரிமையில்.

அந்தப் படத்தில் ஆஸ்திரேலியா என்ற வார்த்தை வராது. ரோட்ரிக்ஸுக்கு அங்கேயும் ரசிகர்கள் இருந்தார்கள். 1979லும் 1981லும் அங்கே போய்ச் சுற்றுப்பயணமாகக் கச்சேரி செய்திருக்கிறார். படமோ, 1971க்குப் பிறகு அவர் மேடையையே மறந்துவிட்டு மண் சுமந்தார், 1998இல்தான் முதன்முறையாகத் தனக்கும் ரசிகர்கள் உண்டு என்று தெரிந்துகொண்டார் என்பது போல நம்மை உட்கார வைக்கிறது. சொன்னது எதுவும் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் விஷயம். படம் 2013இல் ஆஸ்கர் வாங்கியது.

பின்வரிசை

> சொல்லாமல் விட்டதுதான் விஷயம்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரோ என் கண்ணீரைக் கடன் வாங்கிப் போய்த் திருப்பித் தராத மாதிரி இருக்கிறது. இது கதைப்படமாக இருந்தால் எனக்குப் பிரச்சினையே இல்லை. ஆவணப்படம் என்று பெயர் போட்டுக்கொண்டு இப்படிச் செய்யலாமா?

எடிட்மேசை

படத்தொகுப்பு, ஒலிக்கலவை அறைகளில் சில வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆவணப்படம் என்ற பெயரே பிரபலமாவதற்கு முன், 1922இல், ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி நானூக் ஆஃப் தி நார்த் எடுத்தார். ஆர்க்டிக் பகுதி வேட்டைக்காரக் குடும்பத்தின் கதை. அதில் பனிவீட்டுக்குள் குடும்பம் தூங்கி எழும் காட்சி உண்டு. நிஜப் பனிவீட்டுக்குள் அந்தக் காலக் கேமராவுக்கு வெளிச்சம் போதாது. அதனால் ஒரு பக்கம் திறந்தபடி பெரிதாக ஒரு வீடு கட்டி எடுத்தார்கள். அந்தக் குடும்பம் குளிரில் நடுங்கிக்கொண்டே "தூங்கியது". அவர்கள் அப்போதே துப்பாக்கி வைத்திருந்தவர்கள், படத்துக்காக ஈட்டி எடுத்தார்கள். நாயகனின் பெயர்கூட நானூக் இல்லை.

இது ஒரு ரகம்: நடந்துகொண்டிருந்ததை, அல்லது தாத்தா காலத்தில் நடந்ததை, மறுபடி நடத்திக் காட்டுவது. இன்னொரு ரகம் 1958இல் டிஸ்னி வெளியிட்ட வைட் வில்டர்னஸ். லெம்மிங் என்ற எலி போன்ற பிராணி கூட்டம் கூட்டமாகப் போய்க் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று பாதி உலகம் நம்புவதற்கு அந்தப் படத்துக்கும் பெரிய பங்கு உண்டு. எடுத்த இடம் கனடாவின் அல்பெர்ட்டா மாகாணம். அங்கே கடலே கிடையாது. பிராணிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து, மேட்டிலிருந்து தண்ணீரில் தள்ளிவிட்டு எடுத்திருக்கிறார்கள். அதுவும் ஆஸ்கர் வாங்கியது.

சுகர் மேன் இந்த இரண்டிலும் சேராது. அது வெட்டு. இருந்த ஒன்றை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போவது. என் தொழிலில் இதைத்தான் தினமும் செய்தோம், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவைப் போட்டிருந்தால் கதை செத்திருக்கும் என்று அந்த இயக்குநருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தே விட்டதால் எனக்கும் அதில் ஒரு முள் இருக்கிறது.

ஒரு உபரித் தகவல். அந்தப் படத்தில் சில காட்சிகளை எடுக்கும்போது கையில் காசு தீர்ந்துபோய், பழைய 8 எம்.எம். பிலிம் போலக் காட்டும் ஒரு கைபேசிச் செயலியை வைத்துத்தான் இயக்குநர் எடுத்தார். நீங்கள் கைபேசியைத் தொடாமல் பார்த்த படம், கைபேசியில் எடுத்தது.

பின்வரிசை

தண்டனை போதும் ஐயா.

தூக்கக்கலக்கம்

எடிட்மேசை சார், நீங்கள் இருப்பதால் கேட்கிறேன். ப்ளானட் எர்த் 2 தொடரில் உடும்பு மாதிரி இருக்கும் இகுவானாக் குட்டி பாம்புகளிடமிருந்து தப்பி ஓடும் காட்சி. அது என்னைச் சோபாவில் எழுந்து நிற்க வைத்தது. நூறு முறை பார்த்திருப்பேன். போன வாரம்தான் ஒரு சந்தேகம் வந்தது: பாம்பு கல்லில் உரசும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, மைக்கை யார் கொண்டுபோய்ப் பாம்புப் பக்கத்தில் வைத்தார்கள்?

எடிட்மேசை

யாரும் வைக்கவில்லை. இயற்கைப் படங்களில் கேமரா பெரும்பாலும் தூரத்தில்தான் இருக்கும். லென்ஸ் எட்டிப் பார்க்கும், மைக் எட்டிக் கேட்காது. நூறு மீட்டருக்கு அப்பால் பனியில் நடக்கும் கரடியின் காலடியைப் பதிவு செய்யப் போனால் காற்றுச் சத்தம்தான் கிடைக்கும். அதனால் ஃபோலி கலைஞர் என்று ஒருவர் ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டே சத்தம் செய்வார். பனியில் காலடிக்குச் சோளமாவைத் துணிப்பையிலோ தோல்பையிலோ போட்டு அமுக்குவது பழைய வித்தை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நிஜப் பனியைவிட அதுதான் பனி மாதிரி இருக்கும்.

அந்த உடும்பு ஓட்டமும் ஒரே குட்டியின் ஒரே ஓட்டம் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குட்டிகளின் காட்சிகளைக் கோத்ததுதான் என்று எடுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கலாபகோஸில் ஃபெர்னாண்டினா தீவில் எடுத்தது. பாம்புகள் நிஜம், துரத்தல் நிஜம், தப்பித்ததும் நிஜம். "இது" தப்பித்தது என்பதில்தான் கொஞ்சம் கை இருக்கிறது.

தூக்கக்கலக்கம்

அப்படியானால் நான் கைதட்டியது மூன்று நான்கு உடும்புகளுக்கா? சரி, பரவாயில்லை. எல்லாமே தப்பித்ததாக வைத்துக்கொள்கிறேன்.

ஜன்னலோரம்

இயற்கைப் படங்களில் ஒலியும் குரலும் எவ்வளவு தூரம் நம்மை இழுக்கும் என்பதற்கு மார்ச் ஆஃப் தி பெங்குவின்ஸ் படம்தான் என் உதாரணம். 2005இல் பிரெஞ்சில் வந்தபோது பெங்குவின்களே பேசும். அப்பா பெங்குவின் ஒரு குரல், அம்மா ஒரு குரல், குஞ்சு ஒரு குரல், "நான் நடந்தேன், நான் காத்திருந்தேன்" என்று. அமெரிக்காவுக்குப் போகும்போது அதை எடுத்துவிட்டு மார்கன் ஃப்ரீமன் கதை சொல்வது போல மாற்றினார்கள். இசையையும் மாற்றிவிட்டார்கள். படம் அதே படம், பனி அதே பனி. நான் இரண்டையும் பார்த்தேன். பிரெஞ்சில் அது காதல் கதை. ஆங்கிலத்தில் அது பாடம். என் வீட்டுக் குழந்தை பிரெஞ்சுப் படத்தை, ஒரு வார்த்தை புரியாமல், முழுதாகப் பார்த்தது.

தூங்குவதற்கு என்று எழுதியவருக்கு: ஃப்ரோஸன் ப்ளானட் (2011) பார்த்திருக்கிறீர்களா? பனிக்கரடிக் குட்டிகள் குகைக்குள் பிறந்து கிடக்கும் காட்சி நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் எடுத்தது. தெரிந்ததும் பெரிய கூச்சல். எனக்கு அது தப்பாகவே படவில்லை. நிஜக் குகைக்குள் கேமராவை நுழைத்தால் தாய்க் கரடி குட்டிகளை விட்டுவிட்டுப் போகலாம், அல்லது கேமராக்காரரைத் தின்னலாம். பின்னணிக் குரலில் ஒரு வரி சொல்லியிருக்கலாம், அதுதான் குறை.

மூன்றாம் மணி

அந்த "ஒரு வரி"தான் எனக்கு முக்கியம். அதனால்தான் செர்னோபில் தொடரை மன்னிக்கிறேன்.

அதில் எமிலி வாட்சன் நடித்த விஞ்ஞானி உலானா கோம்யுக் என்று யாரும் கிடையாது. அங்கே உழைத்த பல விஞ்ஞானிகளைச் சேர்த்துச் செய்த பாத்திரம். கடைசி பாகத்தின் முடிவில் எழுத்திலேயே அதைப் போட்டுவிடுகிறார்கள். விஞ்ஞானி லெகசோவ் நீதிமன்றத்தில் சிவப்பு, நீல அட்டைகளை வைத்து உலை எப்படி வெடித்தது என்று விளக்குவாரே, அவர் அந்த விசாரணைக்கே போகவில்லை. ஹெலிகாப்டர் விழும் காட்சி நிஜத்தில் அந்த முதல் நாட்களில் நடக்கவில்லை, 1986 அக்டோபரில் நடந்தது. எழுதிய கிரெய்க் மேசின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஒலிப்பேச்சு வெளியிட்டு, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று தானே உட்கார்ந்து சொன்னார்.

ஆக, பின்வரிசை இரண்டு முறை கைபேசி எடுத்தது கணக்கில் வராது. எடுக்க வைத்ததே அந்தத் தொடரின் வெற்றி.

நள்ளிரவு ரிமோட்

கட்டுக்கதையில் சில விஷயம் நிஜத்தைவிட நிஜமாக இருக்கும். கதிர்வீச்சு மீட்டர் 3.6 காட்டுகிறது, அதனால் கவலையில்லை என்று அதிகாரிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போவார்களே. அந்த மீட்டரால் 3.6க்கு மேல் காட்டவே முடியாது. அதைச் சொல்ல வருபவனை யாரும் கேட்க மாட்டார்கள். வெடிப்பைவிட அந்த அறைதான் எனக்குப் பயமாக இருந்தது. எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் அந்த அறை தெரியும்.

இசையையும் கவனியுங்கள். ஹில்டுர் குட்னடோட்டிர் லித்துவேனியாவில் மூடிப்போன ஓர் அணு உலைக்குள் போய், கதவு, குழாய், பம்பு அறை எல்லாம் போடும் சத்தத்தைப் பதிவு செய்து அதிலிருந்தே செய்தார்.

அரைமணி

உண்மைக் கதை என்று போட்டுவிட்டு முழுக்கப் புருடா விட்டவர்களை மறந்துவிட்டீர்களே! ஃபார்கோ (1996). முதல் காட்சியிலேயே இது உண்மைச் சம்பவம், இறந்தவர்கள் மேல் மரியாதை வைத்து அப்படியே சொல்கிறோம் என்று எழுத்து ஓடும். கோயன் சகோதரர்கள் சும்மா போட்டது. எனக்கு இது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதுவரை நண்பர்களிடம் "நிஜமா நடந்ததுடா" என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

அப்புறம், தொடர்களின் நீளம் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இப்போது எட்டுப் பாகம் என்று பார்த்தாலே மூச்சு வாங்குகிறது. முதல் பாகத்தில் பிணம், எட்டாவதில் கொலைகாரன், நடுவில் ஆறு மணி நேரம் எல்லோரும் காரில் போகிறார்கள். இதை இரண்டு மணி நேரப் படமாக எடுத்திருக்கலாம் என்று தோன்றாத துப்பறியும் தொடரே குறைவு. நான் 1.5 வேகத்தில்தான் பார்க்கிறேன். யாரும் சீக்கிரமாக நடப்பதாகத் தோன்றுவதில்லை, சரியாக நடப்பதாகத்தான் தோன்றுகிறது.

எடிட்மேசை

1.5 வேகமா. இந்த வரியைப் படிக்காதது போல இருந்துவிடுகிறேன்.

மூன்றாம் மணி

அரைமணி, பிரேக்கிங் பேட் பார்த்தீர்களா? மூன்றாவது சீசனில் ஒரு ஈ ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிடும். முழுப் பாகமும் அந்த ஈயை அடிப்பதுதான். ரசிகர்களிலேயே பாதிப் பேருக்கு அது பிடிக்காது. பட்ஜெட்டைச் சமாளிக்க இருக்கிற ஒரே செட்டுக்குள் இரண்டு நடிகர்களை மட்டும் வைத்து எடுத்த பாகம் அது. 62 பாகத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அதுதான். தூங்காத மனிதன் ஒரு ஈயைத் துரத்துகிறான். சொல்லக்கூடாத ஒன்று வாய் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அதை 1.5 வேகத்தில் பார்த்தால் ஈ மட்டும்தான் மிஞ்சும்.

அரைமணி

பார்த்தேன். ஈ மட்டும்தான் மிஞ்சியது. :)

ஜன்னலோரம்

நீளம் என்பது நிமிடக் கணக்கில் இல்லை என்று நினைக்கிறேன். கூழாங்கல் (2021) ஒன்றரை மணி நேரத்தைக்கூட எட்டாத சின்னப் படம். ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். கடைசியில் பெண்கள் ஊற்றில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். கேமரா நகராது. குடம் நிறையும்வரை காத்திருக்கும். அதை வேகமாக ஓட்டினால் அங்கே படமே இல்லை.

அதற்கு நேர்மாறாக மெய்யழகன் (2024). நீளம் என்று பலர் சொன்னதும், திரைக்கு வந்த பிறகு சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதுதான் படம். பேச்சைக் குறைத்துவிட்டு அதில் வேறு எதைப் பார்ப்பது?

நள்ளிரவு ரிமோட்

ஹனிலேண்ட் (2019) பற்றியும் ஒரு வார்த்தை. வட மாசிடோனியாவில் மலைப்பக்கம் தனியாகத் தேன் எடுக்கும் ஹதிட்சே என்ற பெண். கூட்டைத் திறந்து பாதியை எடுத்துக்கொண்டு, பாதியைத் தேனீக்களுக்கு விட்டுவிடுவார். "பாதி உனக்கு, பாதி எனக்கு" என்று சொல்லிக்கொண்டே. பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் மாடு, குழந்தைகளோடு வந்து குடியேறுகிறது. அவர்களும் தேனீ வளர்க்கிறார்கள், வியாபாரி அவசரப்படுத்துகிறான், மொத்தத் தேனையும் எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் தேனீக்கள் பசியில் வந்து இவர் தேனீக்களைக் கொல்கின்றன.

இவ்வளவு கச்சிதமான கதையை யாராவது எழுதியிருந்தால் "ரொம்பத்தான் பாடம் நடத்துகிறார்" என்று சொல்லியிருப்பேன். மூன்று வருடம் கூடவே இருந்து 400 மணி நேரத்துக்கு மேல் எடுத்ததிலிருந்து கிடைத்த கதை. ஆஸ்கரில் ஆவணப்படத்துக்கும் சர்வதேசப் படத்துக்கும் சேர்த்தே பரிந்துரையானது. எது எந்தப் பக்கம் என்று அவர்களுக்கும் குழப்பம்போல.

தூக்கக்கலக்கம்

தாய்லாந்துக் குகையில் சிக்கிய பையன்கள் கதையை ஆவணப்படமாகவும் பார்த்தேன், கதைப்படமாகவும் பார்த்தேன். 2018 ஜூன் 23 உள்ளே போனார்கள், 12 பையன்களும் பயிற்சியாளரும். கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10. ஆவணப்படம் தி ரெஸ்க்யூ (2021), ஃப்ரீ சோலோ எடுத்த அதே தம்பதியர். கதைப்படம் தேர்ட்டீன் லைவ்ஸ் (2022), ரான் ஹோவர்ட்.

ஆச்சரியம் என்னவென்றால் கதைப்படத்தில்தான் தண்ணீருக்கடியில் எனக்கு மூச்சு முட்டியது. ஆவணப்படத்தில் மூச்சு முட்டியது வேறு இடத்தில்: ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற மயக்க மருந்து மருத்துவர் உட்கார்ந்து பேசும்போது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, கையைக் கட்டி, தண்ணீருக்குள் பொட்டலம் மாதிரி இழுத்துக்கொண்டு வரவேண்டும். இது சரிப்படும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. அதைச் சொல்லும்போது அந்த முகம் இருக்கிறதே, எந்த நடிகராலும் முடியாது. ஆனால் ஒன்று, அந்த ஆவணப்படத்திலும் தண்ணீருக்கடியில் உள்ள சில காட்சிகள் அந்த முக்குளிப்பவர்களே பின்னால் ஒரு தொட்டிக்குள் மறுபடி செய்து காட்டியவை. நானூக்கின் பனிவீடு ஞாபகம் வந்தது.

எடிட்மேசை

பின்வரிசை, 12 ஆங்ரி மென் பற்றி இவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன்.

டிவி நாடகம் மாதிரி இருந்தது என்றீர்கள். அது 1954இல் டிவி நாடகமாக வந்ததுதான்! ரெஜினால்ட் ரோஸ் எழுதியது. சிட்னி லூமெட்டுக்கு முதல் திரைப்படம். அறையை விட்டு வெளியே போக முடியாது என்பதால் அவர் அறையையே மாற்றினார். முதல் பகுதியில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு இறங்கும். கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடும், அப்போது தலைக்கு மேல் கூரை தெரியும். லென்ஸையும் போகப்போக நீளமாக மாற்றிக்கொண்டே போனார், அதனால் பின்சுவர் நாற்காலியை நெருங்கி வந்துவிட்டது போலத் தெரியும். நீங்கள் நிறுத்தியது இருபதாவது நிமிடம். அப்போது அறை பெரிசாகத்தான் இருக்கும். புழுக்கமே இனிமேல்தான்.

உங்கள் டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஏதாவது போட்டு வைத்திருக்கிறீர்களா? பழைய படம் நேற்றுதான் வீடியோவில் எடுத்தது மாதிரி, ஆட்கள் வழுக்கிக்கொண்டு நடப்பது மாதிரித் தெரிந்ததா?

பின்வரிசை

ஆமாம், எல்லாமே அப்படித்தான் தெரிகிறது. டிவி புதுசு, அதனால் தெளிவு என்று நினைத்தேன்.

எடிட்மேசை

அதேதான். படம் வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). டிவி தன் இஷ்டத்துக்கு நடுவில் இல்லாத சட்டகங்களைச் செய்து நுழைக்கிறது. பந்து விளையாட்டுக்கு நல்லது, படத்துக்கு விஷம். 2018இல் டாம் க்ரூஸே ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினார். ஒவ்வொரு டிவியிலும் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பட அமைப்புகளுக்குள் போய் 'மோஷன்' என்று எது வந்தாலும் அணையுங்கள்.

ஜன்னலோரம்

அப்படியே இன்னொரு கேள்வி. சில்ட்ரன் ஆஃப் ஹெவனில் கடைசிப் பத்து நிமிடத்தில் கைபேசி எடுத்தீர்களா? அப்பாவின் சைக்கிளைப் பார்த்தீர்களா இல்லையா?

பின்வரிசை

எந்தச் சைக்கிள்?

ஜன்னலோரம்

பார்த்துவிட்டு வாருங்கள்.

பின்வரிசை

நான்கு நாள் கழித்து வருகிறேன்.

முதலில் டிவி. மோஷன் என்று ஒன்று இல்லை, மூன்று இருந்தன. மூன்றையும் அணைத்தேன். முதல் ஐந்து நிமிடம் படம் லேசாக அதிர்வது போல இருந்தது, அப்புறம் கண் பழகிவிட்டது. 12 ஆங்ரி மென் முழுதும் பார்த்தேன். கூரை எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, வந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், அவ்வளவு உள்ளே போய்விட்டேன். எனக்குப் பிடித்தது மின்விசிறி. ஓடவில்லை என்று ஆரம்பத்திலேயே விட்டுவிடுவார்கள். வேர்த்து விறுவிறுத்து ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிய பிறகு, மழை வந்து இருட்டுகிறது, யாரோ விளக்கைப் போடுகிறார்கள், விசிறி சுற்ற ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு பேரில் ஒருத்தருக்கும் அந்த சுவிட்சைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கைபேசி ஒரு முறை, அலாரம் வைப்பதற்காக.

டார்க்கை மறுபடி பார்க்கச் சொல்லாதீர்கள்.

அப்புறம் சில்ட்ரன் ஆஃப் ஹெவன். கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பையன் பந்தயத்தில் ஜெயித்து அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால், அப்பாவின் சைக்கிள் வருகிறது. பின்னால் சாமான்கள். அதற்கு நடுவில் இரண்டு ஜோடிப் புது ஷூ. ஒன்று பையனுக்கு, ஒன்று தங்கைக்கு. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, இசை உரக்க ஒலிப்பதில்லை, சில வினாடி, அவ்வளவுதான். பையன் தொட்டித் தண்ணீரில் புண்ணான காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மீன்கள் வந்து சுற்றுகின்றன, அவனுக்கு இன்னும் தெரியாது.

முதல் தடவை அந்தச் சில வினாடியில் நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கைபேசியில் தேடிப் பார்த்தேன். டிவிக்கு சுவர் ஸ்டாண்டு.

ஜன்னலோரம்

:)

அரைமணி

அந்தச் சைக்கிள் 1.5 வேகத்தில் தெரியுமா? சும்மாதான் கேட்டேன், எடிட்மேசை சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.